பேட்டிக்குப் பதில் பேட்டி வேண்டாம்

கேள்வி: தக்கலையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருந்த என் அண்ணன், 2021-இல் ஒரு வட்டித் தகராறில் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு நாகர்கோவிலில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடக்கிறது. நானும் அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருத்தி. முதல் எதிரி, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீனில் இருக்கிறார். போன மாதம் ஒரு யூடியூப் சேனல் அவரை வைத்து, பின்னணி இசை போட்டு, வண்டியில் வந்து இறங்குவதை மெதுவாகக் காட்டி, ஒரு மணி நேரப் பேட்டி வெளியிட்டது. அதில் அவர், “அவன் உயிரோட இருந்திருந்தா ஊருக்கே தொல்லை” என்று என் அண்ணனைப் பற்றிச் சொன்னார். “சாட்சி சொல்லப் போறவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, யோசிப்பாங்க” என்றும் சொன்னார். நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒரு மாலை நாளிதழும் அதை அரைப் பக்கத்துக்குப் படத்துடன் எடுத்துப் போட்டது. ஊரில் பலர் கொதித்துப்போய்க் கண்டனம் தெரிவித்தார்கள். நானும் அந்தக் காணொளியைத் திட்டி எழுதிப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பினேன். சேனல் அதை ஒரு நாள் மறைத்து வைத்துவிட்டு, “சர்ச்சைக்குப் பின் மனம் திறக்கிறார்” என்று இரண்டாம் பாகம் போட்டது. இப்போது இன்னொரு சேனல், அவருடன் நேருக்கு நேர் பேச என்னை அழைக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், “அம்மா, மாமாவை வெட்டின ஆளு மாஸ்னு கிளாஸ்ல சொல்றாங்க” என்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். குமரி மாவட்ட நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவரும் ஒரு வழக்கறிஞர் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் முழுவதிலும் அந்த நபரை ‘எதிரி’ என்றோ ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றோதான் குறிப்பிடுவேன். ‘கொலைகாரர்’ என்று எழுத மாட்டேன். அது உங்களுக்கு வலிக்கக்கூடும். ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன் நாமே தீர்ப்பு எழுதிவிட்டால், நாளைக்கு அவருடைய வழக்கறிஞர் அதையே கையில் எடுத்துக்கொண்டு, ஊரே சேர்ந்து தன் கட்சிக்காரரைப் பழிவாங்கப் பார்க்கிறது என்று வாதாடுவார். அந்த வாய்ப்பை அவருக்கு நாம் தர வேண்டியதில்லை.

நான்கு லட்சம் பேர் அந்தப் பேட்டியைப் பார்த்தது உங்களை வருத்துகிறது. என்னை வருத்துவது அதைப் பார்த்திருக்கக்கூடிய இரண்டு அல்லது மூன்று பேர்தான். உங்கள் தெருவிலேயே குடியிருந்து, சம்பவத்தைக் கண்ணால் கண்டதாகக் காவல் துறையிடம் வாக்குமூலம் தந்துவிட்டு, இன்னும் கூண்டில் ஏறாமல் காத்திருப்பவர்கள். இத்தகைய பேட்டிகள் பார்வையாளரின் பொழுதுபோக்குக்காக எடுக்கப்படுகின்றன என்று நாம் நினைக்கிறோம். சேனலைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். பேட்டி கொடுப்பவருக்கு அது வேறு வேலை செய்கிறது. ரவுடியின் முதலீடு அரிவாள் அல்ல, பயம். ஒரு தடவை வெட்டியவர் என்ற பெயர் பரவிவிட்டால், அதன் பிறகு கந்துவட்டி வசூலுக்கும் நிலத் தகராறில் கட்டப்பஞ்சாயத்துக்கும் அவர் கையை ஓங்க வேண்டியதே இல்லை, வந்து உட்கார்ந்தாலே போதும். முன்பெல்லாம் அந்தப் பெயரைப் பரப்ப அடியாட்களுக்குச் சம்பளமும் சாராயமும் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அதே வேலையை, ஒளியமைப்பும் இசையும் சேர்த்து, வேறு யாரோ தங்கள் சொந்தச் செலவில் செய்துகொடுக்கிறார்கள். குற்றவாளியை நாயகனாக்குவதில் உள்ள உண்மையான கேடு, சிறுவர்கள் கெட்டுப்போவார்கள் என்பதற்கும் முன்பாக, சாட்சிகள் பிறழ்ந்துபோவார்கள் என்பதிலேயே இருக்கிறது. நான் நடத்திய வழக்குகளிலும் பக்கத்தில் நின்று பார்த்த வழக்குகளிலும், ஆதாரம் போதாமல் விழுந்தவற்றைவிட, “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று கூண்டில் சொன்ன பிறழ் சாட்சிகளால் விழுந்தவைதான் என் நினைவில் அதிகம் நிற்கின்றன.

ஆகவே உங்கள் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம் கருத்துப் பெட்டி அல்ல, வழக்குக் கட்டு என்று மட்டும் சொல்கிறேன். அதை எப்படிக் கொண்டுபோவது என்று பார்ப்போம்.

முதலாவதாக, அந்தக் காணொளியின் இரண்டு பாகங்களும் அழிக்கப்படுவதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டும். பார்க்கும்போதே நெஞ்சு எரியும். ஆனாலும் இணைய முகவரி, வெளியான தேதி, சேனலின் பெயர், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவை தெரியும்படி திரையைப் படம் பிடித்துவைத்து, காணொளியையும் முழுமையாகப் பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கருவியில் பதிவிறக்கினீர்களோ அதை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் தேவை. அதில் கருவியின் விவரமும், அந்தக் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பும் குறிப்பிடப்பட வேண்டும். ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை போன்றது, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். இதை உங்கள் வழக்கறிஞரோ கணினி தெரிந்த ஒருவரோ அரை நாளில் செய்து தருவார். பொதுவாக இந்தச் சிறிய வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு அலைகிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து, அந்தப் பேட்டியில் உங்களுக்கு ஆத்திரமூட்டிய இரண்டு வாக்கியங்களும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை. “சாட்சி சொல்லப் போறவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு” என்பதுதான் எனக்கு முக்கியமானது. பொய்ச் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உங்கள் அண்ணனின் கொலை 2021-இல் நடந்ததால் அந்த வழக்கு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படியே நடக்கும்; பேட்டி இப்போது வெளியானதால் அதற்குப் புதிய சட்டம் பொருந்தும். மறைமுகமாகச் சொன்ன வார்த்தை மிரட்டலாகுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அது தனியாக ஒரு குற்றமாக நிரூபிக்கப்படாவிட்டாலும் ஜாமீன் விஷயத்தில் எடை உள்ளதுதான். ஒருமுறை கொடுத்த ஜாமீனை எளிதில் ரத்து செய்ய மாட்டார்கள், வலுவான காரணம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தௌலத் ராம் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அந்தக் காரணங்களில் முதன்மையானதாக அதே தீர்ப்பு குறிப்பிடுவது, நீதி வழங்கும் போக்கில் தலையிடுவதையும் தலையிட முயல்வதையும்தான். பழைய நடைமுறைச் சட்டத்தின் 439(2)-உம், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483(3)-உம் இதற்கான வழி.

அந்த மனுவை அரசுத் தரப்புதான் போட வேண்டும், நாம் ஓரமாக நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்கள் விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும், ஜாமீன் மீதான விசாரணை உட்பட, கேட்கப்படும் உரிமை உடையவர்கள் என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே அரசு குற்றத்துறை வழக்கறிஞரைச் சந்தித்து அந்தப் பென் டிரைவைக் காட்டுங்கள். அவர் தயங்கினால் நீங்களே மனுத் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்தத் தெருக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மிரட்டலுக்கு ஆளான சாட்சி மாவட்ட நீதிபதியின் தலைமையில் இருக்கும் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். காவல் துறை அச்சுறுத்தலின் அளவை ஆராய்ந்து அறிக்கை தரும். அதைப் பொறுத்து வீட்டருகே ரோந்து, கேமரா, நீதிமன்றத்துக்குப் பாதுகாப்புடன் அழைத்து வருதல் போன்றவை கிடைக்கும். ஊரில் இந்தத் திட்டம் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாட்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அது உங்களுக்கே வினையாகும்; இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்ற தகவலை மட்டும் விசாரணை அதிகாரி வழியாகப் போய்ச் சேரச் செய்யுங்கள்.

“அவன் உயிரோட இருந்திருந்தா ஊருக்கே தொல்லை” என்ற மற்ற வாக்கியம் அவதூறு. இறந்தவருக்கு அவதூறு ஏது என்று சிலர் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். அது தவறு. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் முதல் விளக்கமே, உயிருடன் இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்பதும், அவருடைய குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டது என்பதும் இருந்தால், இறந்தவரைப் பற்றிய கூற்றும் அவதூறாகும் என்கிறது. நீங்கள் குற்றவியல் நடுவரிடம் தனிப் புகார் கொடுக்கலாம். மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. ஆனால் என் கருத்தைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கொலை வழக்கில் நீங்கள் சாட்சி சொல்லி முடிக்கும் வரை இன்னொரு வழக்கில் வாதியாக நின்று குறுக்கு விசாரணைக்கு ஆளாவது புத்திசாலித்தனம் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பவத்தைப் பற்றி அந்தப் பேட்டியில் எதிரி ஏதாவது பெருமையடித்துக்கொண்டிருந்தால், அது போலீசாரிடம் தந்த வாக்குமூலம் அல்ல, நீதிமன்றத்துக்கு வெளியே தானாகச் சொன்ன ஒப்புதல். நீதிமன்றங்கள் அத்தகைய ஒப்புதலைத் தனியாக நம்பப் பொதுவாகத் தயங்கும், வேறு சான்றுகளின் துணையை எதிர்பார்க்கும். ஆனாலும் தூக்கி எறிவதில்லை. புகழுக்காக வாய் திறந்தவர்கள் அந்த வாயாலேயே மாட்டிக்கொண்டதும் உண்டு. எனவே காணொளியை உடனே நீக்க வைப்பதற்கு முன் அதை முழுமையாகக் கைப்பற்றி வைப்பதுதான் முறை என்று மறுபடியும் சொல்கிறேன்.

பேட்டியை வெளியிடுவதையே தடுத்திருக்க முடியாதா என்பது உங்கள் கடிதத்தில் வார்த்தையாக இல்லாவிட்டாலும் அடியில் ஓடுகிற கேள்வி. இந்தியாவில் இதற்கான அடிப்படைத் தீர்ப்பு நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. பல கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, சிறைத் துறைத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசோ அதிகாரிகளோ வெளியீட்டுக்கு முன்பே தடை போட முடியாது, பாதிக்கப்பட்டதாகக் கருதுபவர்கள் வெளியான பிறகு சட்ட வழியில் பரிகாரம் தேடலாம் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றப் பதிவுகள் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை யாருடைய சம்மதமும் இன்றி எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி அனுமதியின்றி எழுதுவது அந்தரங்க உரிமை மீறல். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடவே கூடாது என்றும் அது கோடு போட்டது. இந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. குற்றவாளி பேசக் கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால், சிறையில் அடிபட்டவரும் பேச முடியாது, பொய் வழக்கில் சிக்கியவரும் பேச முடியாது. நாளைக்கே அது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதிராகத் திரும்பலாம்.

எனினும் வழக்கு நடக்கும்போது நேர்மையான விசாரணைக்கு உண்மையான, கணிசமான ஆபத்து உண்டானால், குறிப்பிட்ட காலத்துக்கு வெளியீட்டைத் தள்ளிவைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று 2012-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், மதுரைக் கிளையில் இதைக் கேட்கலாம். பஞ்சாபில் காவலில் இருந்த ஒரு கும்பல் தலைவரின் தொலைக்காட்சிப் பேட்டி 2023 மார்ச்சில் ஒளிபரப்பானபோது, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்து, அது குற்றத்தையும் குற்றவாளிகளையும் பெருமைப்படுத்துகிறது என்று கண்டித்து, இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி, சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. கடைசியில் ஒரு காவல் துணைக் கண்காணிப்பாளர் வேலையை இழந்தார். 2024 நவம்பரில் அதே நபரின் படம் போட்ட சட்டைகள் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்து, மகாராஷ்டிரா சைபர் காவல் துறை வழக்குப் பதிந்தது வேறு கதை.

அந்த மாலை நாளிதழ் விஷயம் எளிது. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகள், வன்முறையாளரின் செயலைப் பொதுமக்கள் கண்ணில் பெருமைப்படுத்தும் விதத்தில் வெளியிடுவதையும், சமூக விரோதிகளைப் புகழும் பேட்டிகளையும் தவிர்க்கச் சொல்கின்றன. முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், செய்தி வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் மன்றத்துக்குப் புகார் அனுப்ப வேண்டும். மன்றம் அபராதம் போட முடியாது, எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும். அதுவும் அச்சு ஊடகத்தை மட்டும். தொலைக்காட்சியாக இருந்தால் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 15 நாட்களில் பதில் சொல்லியாக வேண்டும். யூடியூப் சேனலுக்கு, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்துவிட்டு, பயனில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் போகலாம். இதற்கெல்லாம் சான்று சேகரித்த பிறகு போங்கள்.

இனி, நீங்கள் செய்ததாக எழுதியிருக்கும் அந்தப் பத்துக் குழுக்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்று பலரை ஊனமாக்கிய இளைஞன் ஒருவனின் படத்தை, அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் அட்டையில் போட்டது. பாடகர்களும் நடிகர்களும் இடம்பெறுகிற அதே அட்டை. சுருள் முடியோடு அவனே எடுத்துக்கொண்ட படம். மக்கள் கொதித்தார்கள், பெரிய கடைகள் விற்க மறுத்தன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே படத்தை அதற்குச் சில வாரங்களுக்கு முன் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அப்போது இப்படி யாரும் கொதிக்கவில்லை. படம் ஒன்றுதான், வைத்த சட்டகம் வேறு. அதைவிட விசித்திரம், அந்த அட்டைக்குப் பதிலடியாக, மாசசூசெட்ஸ் காவல் துறையின் புகைப்படக்காரர் ஒருவர், அவன் ரத்தம் வழியப் பிடிபட்ட படங்களைத் தன்னிச்சையாக வெளியிட்டார். நல்ல நோக்கம்தான். ஆனால் அவன் முகத்துக்கு எதிராக வைக்கப்பட்டதும் அவன் முகமே. இறந்த மூவரின் முகங்கள் இரண்டு பக்கத்தாரின் கையிலும் இல்லை.

உங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. கண்டித்தவர்கள் கண்டிப்பதற்காகவே காணொளியைப் பகிர்ந்தார்கள். தளத்தின் கணக்கில் கண்டனத்துக்கும் கைத்தட்டலுக்கும் வேறுபாடு கிடையாது, இரண்டும் பார்வைதான். அந்தச் சேனல் இரண்டாம் பாகத்துக்கு வைத்த தலைப்பையே பாருங்கள், உங்கள் எதிர்ப்பைத்தான் விளம்பரமாக்கியிருக்கிறது. இந்தப் பொறியைப் புரிந்துகொண்டு நடந்தவராக எனக்கு நினைவுக்கு வருபவர் நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டன். 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைத் தான் ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்று அவர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவன் தேடியவற்றில் கெட்ட புகழும் ஒன்று என்பதே காரணம். நம் நாட்டில் இது நடக்கவில்லை. சத்தியமங்கலம் காட்டில் இருந்த மீசைக்காரர் என்று சொன்னாலே, பெயர் சொல்லாமல் உங்களுக்கு முகம் வந்துவிடும். அவரால் 1991 நவம்பரில் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. சீனிவாஸ், ஆயுதமில்லாமல் கோபிநத்தம் கிராமத்து மக்களோடு பழகி அவர்களை மாற்ற முயன்றவர், இறந்தபின் கீர்த்தி சக்ரா பெற்றவர், அவருடைய முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் மாவட்டத்திலேயே, களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் 2020 ஜனவரி 8 இரவு பணியில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைப் பற்றி, அந்தக் கண்காணிப்புக் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சுட்டவர்கள் எப்படி ஓடினார்கள் என்பதைத்தான் விவரிப்பார்கள்.

இது தமிழரின் பழக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைத் தாண்டி ஆரல்வாய்மொழி வழியாகப் போகாத குமரி மாவட்டத்துக்காரர் இருக்க மாட்டார். அந்தக் கதையை வில்லடித்துப் பாடும் புலவர்கள், நகைக்காகக் காட்டில் நம்பியவனாலேயே கொல்லப்பட்ட பெண்ணைத்தான் தெய்வமாக்கினார்கள். பார்த்தவர் யாரும் இல்லாத இடத்தில் கள்ளிச்செடியைச் சாட்சியாக நிறுத்தினார்கள். கொடையில் பொங்கலும் படையலும் பெறுவது அவள். கொன்றவனுக்குக் கோவில் இல்லை. அதே நேரத்தில் நம் பாட்டு மரபு முழுவதும் இப்படித்தான் என்று நான் நடிக்கப்போவதில்லை. திருவிதாங்கூரில் காயங்குளம் கொச்சுண்ணியைப் பாடினார்கள், நெல்லைச் சீமையில் 1923-இல் போலீசாரால் கொல்லப்பட்ட ஜம்புலிங்கத்தைப் பாடினார்கள். ஆனால் பாட்டில் வந்த அந்தக் கொள்ளையர்கள் சாட்சியை மிரட்டப் பாட்டைப் பயன்படுத்தவில்லை, பாடிய புலவருக்கும் வழக்கின் வாய்தா தேதிக்கும் தொடர்பு இல்லை.

எதிர்ப்புக் குழுவினர் “என்கவுன்டர் பண்ணுங்கள்” என்று எழுதியதையும் உங்கள் கடிதத்தோடு இணைத்த படங்களில் பார்த்தேன். அதிலிருந்து தள்ளியே நில்லுங்கள். துப்பாக்கி பிடித்தவர் மாறினாலும் அது அதே நாயக வழிபாடுதான். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைகளில், என்கவுன்டர் நடந்த உடனேயே அதிகாரிகளுக்கு வீர விருதோ முறை தாண்டிய பதவி உயர்வோ தரக் கூடாது என்பதும் ஒன்று. அந்தக் கவர்ச்சியின் ஆபத்தை அறிந்துதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். தவிர, எதிரி செத்துப்போனால் உங்கள் அண்ணனின் வழக்கில் அவர் மீது தீர்ப்பே வராது. அவர் குற்றவாளி என்று எந்த ஏட்டிலும் இருக்காது.

உங்கள் மகனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு; நான் மனநல ஆலோசகர் அல்லன். அவன் தூக்கம் கெட்டிருந்தாலோ பள்ளிக்குப் போக மறுத்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். நான் சொல்லக்கூடியது, என் தொழிலில் கண்டதை மட்டுமே. அந்தக் காணொளி காட்டாத பகுதி நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருக்கிறது. ‘மாஸ்’ என்று சொல்லப்படும் இளைஞர்கள் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று வந்து, மாலை வரை சுவரில் சாய்ந்து நின்று, அடுத்த வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படியே ஏழெட்டு வருடம் போகும். வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் எளிதில் கிடைக்காது. நிலத்தை விற்று வக்கீல் பணம் கட்டிய தகப்பனார் வெற்றிலைப் பையோடு வெளியே உட்கார்ந்திருப்பார். தண்டனை ஆனவர்களின் தாய்மார்கள் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுவதை வடசேரியில் எத்தனையோ விடியற்காலைகளில் பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் திறந்த இடம்தான். உங்கள் சாட்சியத்துக்குத் தொடர்பில்லாத ஒரு நாளில் அவனை அழைத்துவந்து ஒரு மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார வையுங்கள். யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அவனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கோபத்தில் எதிரிக்கோ அவர் வீட்டாருக்கோ சமூக ஊடகத்தில் மிரட்டலாக ஒரு வரி எழுதினாலும், அரிவாள் படம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாலும், வழக்கு அவன் மேல் வரும். எதிர்த்தரப்பு அதற்காகத்தான் காத்திருக்கும். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, இது அவனுடைய மாமாவின் வழக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது. மாமா எப்படிப்பட்டவர் என்பதையும் அவன் காணொளியிலிருந்து அல்லாமல் உங்களிடமிருந்து கேட்கட்டும். அவருடைய கோபதாபங்களையும் சேர்த்தே சொல்லுங்கள், அவரையும் நாயகனாக்க வேண்டாம்.

கடைசியாக அந்த இன்னொரு சேனலின் அழைப்பு. போகாதீர்கள். நீங்கள் வழக்கில் சாட்சி. நீங்கள் முன்னால் பதிவாகச் சொன்ன எதையும் உங்கள் சாட்சியத்தோடு ஒப்பிட்டு முரண்பாடு காட்ட எதிர்த்தரப்புக்குச் சட்டம் உரிமை தருகிறது. கேமரா முன் ஆத்திரத்தில், நெறியாளர் தூண்டத் தூண்ட, நேரத்தையோ நின்ற இடத்தையோ சற்று மாற்றிச் சொல்லிவிட்டால், குறுக்கு விசாரணையில் அந்தக் காணொளியை ஓட்டிக் காட்டுவார்கள். எதிரிக்கு இழக்க ஒன்றுமில்லாத அரங்கு அது. இழப்பதற்கு உங்களிடம் ஒரு வழக்கே இருக்கிறது. அழைத்தவருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும்: “வழக்கு நீதிமன்றத்தில் உள்ளது. நான் சாட்சி. சொல்ல வேண்டியதை அங்கே சொல்வேன். என் வீட்டின், என் பிள்ளையின், என் அண்ணனின் படங்களை என் அனுமதியின்றிப் பயன்படுத்த வேண்டாம்.” அனுப்பியதைப் படம் பிடித்து அதே பென் டிரைவில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்க வேண்டாம்.